தூர்ந்த கிணறும் ஒரு நாள் வேலையும்

வணக்கம் ஐயா,

ஏதென்ஸ் நகரத்தின் பழைய சந்தைத் திடலான அகோரா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இடிபாடு கொட்டித் தூர்ந்த ஒரு கிணற்றை வாரக்கணக்கில் தோண்டினார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளன், இருபது வருட அனுபவம். பழைய வீட்டை இடித்தால் அந்தக் கழிவை அங்கேயே இருக்கும் பாழுங்கிணற்றில் தள்ளி மூடிவிடுவோம். செங்கல், ஓடு, உடைந்த சட்டி, பக்கத்து வீட்டுக் குப்பை எல்லாம் கலந்துதான் கிடக்கும். அதில் மேலே எது, கீழே எது என்று பார்த்து என்ன தெரியப்போகிறது? ஜேசிபி விட்டால் ஒரு நாள் வேலை. தப்பாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
திருநெல்வேலி

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கச் சரியான ஆள் நீங்கள்தான். ஏனென்றால் நீங்கள் செய்கிற அதே வேலையைத்தான் ஏதென்ஸ்காரர்கள் 2,500 வருடத்துக்கு முன்னால் செய்தார்கள்.

கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்ஸைப் பிடித்துக் கொளுத்தியது. அடுத்த வருடம் மறுபடியும் வந்து மிச்சத்தையும் இடித்தது. ஊர் திரும்பியவர்கள் கண்டது என்ன என்று அந்தக் காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார்: பாரசீகத் தலைவர்கள் தங்கியிருந்த சில வீடுகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் விழுந்து கிடந்தன. சரி, திரும்பி வந்தவன் முதலில் என்ன செய்வான்? மனையைச் சுத்தம் செய்வான். உடைந்த சட்டி பானை, சுவர் மண், கூரை ஓடு எல்லாவற்றையும் வாரி, கைக்கு எட்டிய கிணற்றில் கொட்டுவான். அகோராவிலும் அதைச் சுற்றியும் அப்படி மூடப்பட்டவையாகக் கருதப்படும் கிணறுகளும் குழிகளும் இருபது சொச்சம் இருக்கின்றன. அமெரிக்கத் தொல்லியல் பள்ளிக்காரர்கள் 1931இலிருந்து அங்கே தோண்டிவருகிறார்கள்.

இப்போது கிணற்றுக்குள் இறங்குவோம். அடியில் கிடப்பது ஒன்று, மேலே கிடப்பது வேறொன்று. அடியில் சேறு. அந்தச் சேற்றில் முழுக் குடங்களாகக் கிடைக்கும், சிலது கைப்பிடி மட்டும் போயிருக்கும். கிணறு புழக்கத்தில் இருந்தபோது தண்ணீர் இறைக்கையில் கயிறு அறுந்து விழுந்தவை. தண்ணீரில் விழுந்ததால் நொறுங்கவில்லை. (பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் அகப்படாமல் போன குடம் நம் எல்லோர் வீட்டுக் கிணற்றிலும் ஒன்றாவது இருந்திருக்கும்.) இந்தச் சேறு பல வருடங்களாக, ஒவ்வொரு குடமாக விழுந்து சேர்ந்தது. அதற்கு மேலே இருப்பதுதான் நீங்கள் சொல்லும் இடிபாடு. அதில் முழுப் பாத்திரம் அரிது. எல்லாம் வெளியே உடைந்து, பிறகு உள்ளே வந்தவை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகக்கூட இருக்கலாம். ஜேசிபியின் வாளி ஒரே அள்ளில் இரண்டையும் கலந்துவிடும். அப்புறம் புழக்கத்தில் இருந்த குடம் எது, குப்பையோடு வந்த குடம் எது என்று சொல்ல யாராலும் முடியாது.

அதனால்தான் கொத்துக்கரண்டியும் பாண்டும். எந்த ஆழத்தில் எடுத்த மண் என்று ஒவ்வொரு பாண்டையும் குறித்துக்கொள்கிறார்கள். மண்ணைச் சலிக்கிறார்கள். இப்போதெல்லாம் தண்ணீரில் அலசி, மிதந்து வரும் கருகிய விதைகளையும் எடுக்கிறார்கள். பிறகு மேசையில் பரப்பி ஒட்டவைத்துப் பார்க்கும் வேலை. இரண்டு மீட்டரில் கிடைத்த துண்டும் ஆறு மீட்டரில் கிடைத்த துண்டும் ஒரே கிண்ணத்தில் பொருந்துகின்றன என்று வையுங்கள். அப்படிப் பல பொருந்தினால், இடையிலுள்ள நான்கு மீட்டரும் ஒரே மூச்சில் கொட்டியது என்று அர்த்தம். எல்லாம் கலந்துதான் கிடக்கும் என்கிறீர்களே, அந்தக் கலப்பே இங்கே சாட்சி.

காலத்தைச் சொல்வதும் இதே மாதிரிதான். நீங்கள் ஒரு கிணற்றைத் தோண்டும்போது நடு ஆழத்தில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு ஒன்று கிடைத்தால், அந்தக் கிணறு 2016 நவம்பருக்கு முன்னால் மூடப்படவில்லை என்று அடித்துச் சொல்லலாம். மற்றதெல்லாம் தாத்தா காலத்துச் சட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. குவியலில் ஆகப் புதியது எதுவோ அதுதான் பேசும். எலி வளை வழியாக ஏதாவது பின்னால் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படித் தோண்டிய கிணறுகளில் ஒன்றுக்கு ஜே 2:4 என்று பெயர். வரைபடத்தின் ஜே 2 கட்டத்தில் நான்காவது என்று பொருள், அவ்வளவுதான். ஒரு வீட்டின் கிணறு அது. அந்தக் குவியலைக் காத்லீன் லின்ச் என்ற ஆய்வாளர் துண்டு துண்டாகப் படித்து 2011இல் ஒரு நூல் எழுதினார். ஆண்கள் சாய்ந்து படுத்துக் குடிக்கும் சிம்போசியம் என்ற குடிவிருந்து பெரிய இடத்து வழக்கம் என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். இந்த நடுத்தர வீட்டின் இடிபாட்டிலோ அதற்கான கிண்ணங்களும் கலயங்களும் தாராளமாகக் கிடந்தன. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் தனியாக நிற்கும் கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்த வீட்டுக் கிண்ணம் என்று சொல்லாது. சமையல் சட்டியோடு சேர்ந்து கிணற்றில் கிடந்த கிண்ணம் சொல்லும்.

உங்கள் சந்தேகம் பலித்த இடமும் உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே போனால் நேர்மையாகாது. ஏதென்ஸின் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் 1885 முதல் 1890 வரை கவாடியாஸ், காவராவ் என்ற இருவர் பாறை தட்டும்வரை தோண்டித் தீர்த்தார்கள். 1886இல் எரெக்தியான் கோயிலுக்கு வடமேற்கே கன்னியர் சிலைகள் 14 ஒரே இடத்தில் கிடைத்தன. வண்ணத் தடங்கள்கூட அழியவில்லை. பாரசீகர்கள் உடைத்த சிலைகளை ஏதென்ஸ்காரர்களே புதைத்தார்கள், ஆகவே குன்றின் மேல் இப்படிக் கிடைப்பதெல்லாம் கி.மு. 480க்கு முந்தியவை என்று ஒரு முடிவு பரவியது. கிரேக்கச் சிற்பக் கலையின் காலவரிசையே பெருமளவு இதன் மேல் நின்றது. ஆனால் எந்தக் குழியில் எதனோடு எது கிடந்தது என்ற குறிப்புகள் போதவில்லை. குன்றின் பல பகுதிகளில் பின்னால் கோட்டைச் சுவர் எழுப்பியபோது கொட்டிய மண்ணும் கலந்திருக்கிறது. 2008இல் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் இதையெல்லாம் மறுபடி சலித்துப் பார்த்து, தூய பாரசீகக் காலக் குவியல் என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான் என்றும், செவ்வியல் பாணி 480க்குப் பிறகே தொடங்கியது என்றும் வாதிட்டார். ஐந்து வருட அவசரத்தின் கணக்கை நூறு வருடம் கழித்தும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் ஜேசிபி இல்லை!

எதனோடு எது என்பதில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் 1937இல் ஆஸ்கார் புரோனீர் என்ற தொல்லியலாளர் ஒரு கிணற்றைத் தோண்டினார். உள்ளே 190 ஓட்டுச் சில்லுகள், பெரும்பாலும் கிண்ணங்களின் அடிப்பாகம். எல்லாவற்றிலும் கீறியிருந்தது ஒரே பெயர்: தெமிஸ்டோக்ளீஸ். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்று கொடுத்த அதே ஆள். ஏதென்ஸில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்ப மக்கள் ஓட்டுச் சில்லில் பெயர் எழுதிப் போடுவார்கள். (ஓட்டில் போட்ட ஓட்டு. தமிழில் மட்டும் கிடைக்கிற சுகம் இது.) அந்த 190 சில்லுகளிலும் இருந்தது பதினான்கே பேரின் கையெழுத்து. முன்கூட்டியே எழுதிக் குவித்து, எழுதத் தெரியாதவனுக்கும் சோம்பேறிக்கும் விநியோகிக்க வைத்திருந்தவற்றில் மிஞ்சியதாக இருக்க வேண்டும். இதே சில்லுகள் ஊரெல்லாம் ஒன்றொன்றாகக் கிடைத்திருந்தால் 190 குடிமக்களின் கோபம் என்று எழுதியிருப்பார்கள். ஒரே கிணற்றில் கிடந்ததால்தான் கட்சி வேலை என்று தெரிந்தது.

கடைசியாக ஒரு கிணறு, ஜி 5:3. ஹெபைஸ்டோஸ் கோயில் இருக்கும் குன்றின் பக்கம். 1930களின் பிற்பாதியில் டோரதி பர் தாம்ப்சன் என்ற தொல்லியலாளர் தோண்டினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் நிரம்பிய அந்தக் கிணற்றில் பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. ஏறக்குறைய 450 குழந்தைகள். கூடவே சுமார் 150 நாய்கள். கேட்டவுடன் நமக்குத் தோன்றுவது கொலையும் கொள்ளைநோயும்தான். அன்று எல்லாவற்றையும் முழுதாக ஆராயவில்லை, ஆனால் எலும்புகளைப் பெட்டியில் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து மூன்று பெண் ஆய்வாளர்கள் அவற்றைத் திறந்தார்கள். குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு மூளைக்காய்ச்சலால் இறந்திருக்கிறார்கள், தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கருவியால் அறுத்ததால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. மற்றவர்களும் பெரும்பாலும் இயற்கையாக இறந்தவர்களே. முறையான அடக்கம் கிடைக்கும் வயதை எட்டாத பிள்ளைகளை மருத்துவச்சிகள் அங்கே கொண்டுவந்து போட்டிருக்கலாம். நாய்கள், பிரசவத் தீட்டைக் கழிக்கப் பலியிட்டவையாக இருக்கலாம். அந்த ஆய்வு முழு நூலாக வந்தது 2018இல்.

நானும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த இருபது வருடத்தில் நீங்கள் மூடிய பாழுங்கிணறுகளில், கழிவைத் தள்ளுவதற்கு முன்னால் அடியில் குடம் ஏதாவது கிடக்கிறதா என்று யாராவது எட்டிப் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் எழுதுங்கள்.