குச்சியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் வராதீர்கள் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரீஹாபிலிடேஷன் டெக்னாலஜி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் பற்றிய முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் வருகிறேன், அறை எங்கே பார்ப்பது, ஜாக்கெட் ஊரிலேயே வாங்கலாமா, பகுதி நேர வேலை கிடைக்குமா, குக்கர் கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "கல்லூரியில் பார்வையற்றவர்களுக்காக அல்ட்ராசோனிக் சென்சார் வைத்த ஸ்மார்ட் குச்சி செய்தேன், அதை எடுத்து வந்து பேராசிரியரிடம் காட்டினால் ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர் வேலை) கிடைக்குமா அண்ணா" என்று, அதுதான் பிடித்துக்கொண்டது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அறைக்கு ஓக்லாண்ட், ஷேடிசைட், ஸ்குவிரல் ஹில் பக்கம் பாருங்கள், மாணவர் அட்டையைக் காட்டினால் பேருந்து இலவசம், அதனால் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஜாக்கெட் ஊரில் வாங்காதீர்கள், அங்கே கிடைப்பது இங்கே அக்டோபரைத் தாண்டாது. வேலை என்றால் எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்குள்தான், படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம். வெளியே கடையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று எவனாவது சொன்னால் அவன் நம்பரை அழித்துவிடுங்கள். குக்கர் பிறகு.

இப்போது குச்சி.

2009 ஆகஸ்டில் நான் வந்தபோது என் பெட்டியிலும் அதே குச்சி இருந்தது. உள்ளே இருந்து இயக்கும் சிப் உங்களுடையதில் ஆர்டுயினோ, எங்களுடையதில் 8051, அவ்வளவுதான் வித்தியாசம். பி.வி.சி. பைப்பில் முன்னால் தடை இருந்தால் உணரும் சென்சார், உடனே கத்தும் பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. நாலு பேர் சேர்ந்து செய்தோம், கல்லூரி சிம்போசியத்தில் முதல் பரிசு, செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் படம்கூட வந்தது. எப்படிச் சோதித்தோம் என்றால், கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் ஒவ்வொருவராக நடந்தோம். கீழே விழவில்லை, அதனால் வெற்றி என்று ரிப்போர்ட்டில் எழுதினோம்.

நான் சேர்ந்த ஆய்வகத்தில் ஒருவர் இருந்தார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஐம்பதைத் தாண்டிய வயது, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். முதல் மாதமே பெருமையாகக் குச்சியை அவர் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார், தரையில் ரெண்டு தட்டுத் தட்டினார், பேட்டரி டப்பாவைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கேள்விகள். முன்னால் என்னவோ இருக்கிறது என்று கத்துகிறதே, அந்த "என்னவோ" என்ன? என் கோல் தரையில் பட்டால் புல்லா சிமெண்டா, ஈரமா, பள்ளமா, படி இறங்குகிறதா என்று கைக்குச் சொல்கிறது, இது அதில் எதைச் சொல்லும்? நான் ரோட்டைக் கடப்பது காதால்தான், பக்கத்தில் ஓடும் வண்டிகளின் சத்தம் எப்போது கிளம்புகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டுத்தான் காலை வைக்கிறேன், அந்த நேரத்தில் இது காதருகே கத்திக்கொண்டிருந்தால்? வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்து ஓயாமல் கத்துமே? மழை பெய்தால்? பேருந்தில் ஏறினால் இதை எங்கே மடக்கி வைப்பது? கடைசியாக, குரலை உயர்த்தாமல், இதை இதுவரை எத்தனை பார்வையற்றவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த அவமானத்தில் ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அவர் நல்ல மனுஷர், அதோடு விடவில்லை. தரையில் இருப்பதை என் கோல் பார்த்துக்கொள்ளும், முகத்துக்கு நேரே வரும் மரக்கிளையும் நிற்கிற லாரியின் பின்பக்கமும்தான் அதற்குத் தெரியாது, நீ என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்றார். பல வருடம் கழித்து ஐ.ஐ.டி. டெல்லிக்காரர்கள் 2014-இல் வெளியிட்ட ஸ்மார்ட்கேன் பற்றிப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளைக் கண்டுபிடிக்கிறது, கத்தாமல் கைப்பிடியில் அதிர்கிறது, எப்போதும் வைத்திருக்கும் மடக்குக் கோலின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். அவர்கள் பார்வையற்றவர்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். நாங்கள் வராந்தாவில் நடந்தோம்.

கண்ணைக் கட்டிப் பார்ப்பதை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிஷம் கண்ணைக் கட்டினால் உங்களுக்குத் தெரிவது பார்வை போன முதல் நாளின் பயம் மட்டும்தான். நாற்பது வருடம் அப்படியே வாழ்ந்து, சமைத்து, அலுவலகம் போய், பிள்ளை வளர்த்தவருக்கு என்ன தெரியும் என்பது அதில் வராது.

வகுப்பில் முதல் வாரத்திலேயே 1993-இல் வந்த ஓர் ஆய்வைப் படிக்கச் சொல்வார்கள், இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகள் பயன்படுத்தும் 227 பேரிடம் கேட்டதில், வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதத்தை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள். நாலு காரணம் சொல்லியிருந்தார்கள். கருவி சரியாக வேலை செய்யாதது, தேவை மாறிப்போனது, சுலபமாகக் கையில் வந்து சேர்ந்தது என்பதோடு, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் அபிப்பிராயத்தைக் கேட்காததும் ஒன்று. எனக்கு அந்த நாலாவதுதான் இன்னும் உறுத்துகிறது. கேட்க எவ்வளவு செலவாகும் சொல்லுங்கள்.

குளிர் எப்படி என்று கேட்டீர்களே, அதையும் இந்த வழியாகவே சொல்கிறேன். இது மலைமேல் அடுக்கிய ஊர். நகரத்துக்குச் சொந்தமான படிக்கட்டுகள் மட்டும் 700-க்கு மேல், பீச்வியூவில் கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு 37 சதவீதச் சரிவு, உங்கள் வளாகத்திலேயே டிசோட்டோ தெருவுக்குக் 'கார்டியாக் ஹில்' என்று பட்டப்பெயர், ஏறிப் பார்த்தால் ஏன் என்று தெரியும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று பாடத்தில் படித்துவிட்டு வெளியே வந்து இந்த ஊரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

2010 பிப்ரவரியில், என் முதல் குளிர்காலத்தில், 21 அங்குலம் பனி கொட்டியது. நான் தென்காசிப் பக்கத்துக்காரன், குற்றாலச் சாரலே எனக்குக் குளிர். ஹீட்டர் வேலை செய்யாத அறையில் மூன்று பேர் ஒரே போர்வைக்குள் கிடந்தோம், வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை, அரிசி தீர்ந்துபோய் ரெண்டு நாள் பிரெட்டும் ஊறுகாயும். அதைப் பெரிய சோகமாக அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பனி நின்றபின் எங்கள் ஆய்வில் பங்கேற்ற ஒரு பெண்மணியின் வீட்டுக்குப் போனேன், மின்சாரச் சக்கர நாற்காலியில் செல்பவர். ரோட்டைச் சுத்தம் செய்த வண்டி அத்தனை பனியையும் நடைபாதை முனையில், சாய்தளம் எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே, இடுப்பு உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போயிருந்தது. கார்கள் ஓடுகின்றன, இவர் பத்து நாளாக வாசலைத் தாண்டவில்லை. வீட்டு வாசலுக்கே வரும் பாராடிரான்சிட் வண்டியை முந்தின நாளே பதிவு செய்யலாம், ஆனால் வண்டியில் ஏறும் இடம்வரை போகவேண்டுமே. நான் கேள்வித்தாளை எடுத்தேன், நாற்காலியின் ஜாய்ஸ்டிக் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தாருங்கள் என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஐந்து போட்டுக்கொள், அப்படியே போகும்போது ஒரு மண்வெட்டி எடுத்துக்கொள்" என்றார். ஒரு மணி நேரம் வெட்டினேன். இந்த ஊரில் நான் செய்த உருப்படியான முதல் வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நீங்கள் போய்ப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஹெர்ல் என்பார்கள், சக்கர நாற்காலி போன்றவற்றை ஆராயும் ஆய்வகம், பல்கலைக்கழகமும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து நடத்துவது, பழைய நபிஸ்கோ பிஸ்கட் தொழிற்சாலையாக இருந்த பேக்கரி ஸ்கொயரில். 1994-இல் ரோரி கூப்பர் தொடங்கியது. அவர் ராணுவத்தில் இருந்தபோது 1980-இல் ஜெர்மனியில் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், 1988 சியோல் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் வெண்கலம். தன் நாற்காலி தனக்குச் சரிப்படவில்லை என்று தெரிந்தவர் நாற்காலி வடிவமைத்தால் அது வேறு மாதிரிதான் இருக்கும். அங்கே செய்த மீபாட் என்ற நாற்காலி ஆறு சக்கரத்தில் நடைபாதை விளிம்பை ஏறும், சரிவில் போனாலும் இருக்கையைச் சமமாக வைத்துக்கொள்ளும். கார்டியாக் ஹில்லில் நின்று யோசித்தால்தான் இப்படி ஒன்று தோன்றும்.

சரி, இயந்திரம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. யார் பணம் கொடுப்பார்கள் என்பது தனிப் பாடம், இதை உங்களுக்கு யாரும் ஊரில் சொல்லித்தர மாட்டார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இங்கே அரசு நடத்தும் மெடிகேர் காப்பீடு, வீட்டுக்குள் நடமாடத் தேவையா என்று பார்த்துத்தான் சக்கர நாற்காலிக்குப் பணம் தரும். வெளியே போவது உன் சொந்த விஷயம் என்கிற மாதிரி. இருக்கையை மேலே உயர்த்தும் வசதி, அதாவது அலமாரியிலிருந்து டப்பாவை எடுக்க, கட்டிலுக்கு மாறி உட்கார, அதுகூட 2023-இல்தான் அவர்கள் பட்டியலில் ஏறியது. எத்தனையோ வருட ஆய்வும் மனுவும் அதற்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் பத்து சென்சார் வைத்தால் பதினோராவது கேள்வி "பில்லை யார் கட்டுவது".

பழக்கவழக்கம் கொஞ்சம். நம் ஊர் நல்ல மனசு இங்கே உங்களை மாட்டிவிடும். ஃபோர்ப்ஸ் அவென்யூ சிக்னலில் ஒருவர் சக்கர நாற்காலியில் நின்றார், பாவம் என்று கேட்காமல் பின்னால் போய்த் தள்ளினேன். நடு ரோட்டில் வைத்துத் திட்டினார் பாருங்கள், எனக்கு அன்றைக்குத்தான் பல ஆங்கில வார்த்தைகள் தெரிந்தன. அந்த நாற்காலி அவர் உடம்பு மாதிரி, கேட்காமல் தொடக்கூடாது, அதில் சாயக்கூடாது. உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்" என்று கேட்கக்கூடாது, அவரிடமே கேட்கவேண்டும். நாம் மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியவர்கள், அதே நினைப்பில் இங்கே ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து ஏதாவது சொன்னால் பலரும் சிரிப்பார்கள், "டிஸேபிள்ட் என்று நேராகவே சொல், கெட்ட வார்த்தை இல்லை" என்பார்கள். இப்போது எனக்கு இதெல்லாம் தானாக வருகிறது. கதவைப் பார்த்தால் அகலத்தை அளக்கிறேன், ஹோட்டலுக்குப் போனால் முதலில் வாசல்படியைப் பார்க்கிறேன், மனைவிக்கு எரிச்சல்.

நம்மாட்களைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்குப் போவீர்கள், போங்கள், புளியோதரைக்காகவாவது போகவேண்டும். ஆனால் பிரசாத வரிசையில் ஒரு மாமா "என்ன படிக்கிறே" என்பார், சொன்னால் "வீல்சேர் மெக்கானிக்கா? பேசாம டேட்டா சயின்ஸுக்கு மாறிடு" என்பார். என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தபோது பாத்ரூம் கைப்பிடி எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டு அவர் மகன் எனக்குத்தான் போன் செய்தான். போய்ப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும்.

இதில் எனக்கே வெட்கமான ஒன்று. என் கல்லூரி நாளெல்லாம் ஆய்க்குடி வழியாகத்தான் பஸ் போகும். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம், எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு அத்தனையும் கட்டியவர். ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்துக்கொண்டே போவேன், ஒருநாளும் இறங்கினதில்லை. கையில் குச்சி இருந்தது, கேட்க ஆள் பத்து நிமிஷத் தூரத்தில் இருந்தார்கள். உங்களுக்கு ஆகஸ்ட்வரை நேரம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் பார்வையற்றோர் பள்ளியோ சங்கமோ இருந்தால் போய் ஒரு வாரம் சும்மா உட்காருங்கள், குச்சியை எடுக்காமல். சென்னையில் இருந்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆர்2டி2 என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் மையத்தில் என்ன செய்கிறார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள். இங்கே முதல் நாள் "உங்கள் நாட்டில் எப்படி" என்று கேட்பார்கள், நான் முழித்த மாதிரி முழிக்காதீர்கள்.

இவ்வளவு பேசுகிறேனே, நாலு வருடம் முன்னால் அம்மாவுக்கு முட்டி வலி அதிகம் என்று இங்கிருந்து நாலு சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று, பிரேக்கும் உட்காரும் சீட்டும் உள்ள நல்ல உருப்படி, விமானத்தில் தனிச் சாமானாக ஏற்றிக்கொண்டு போனேன். உயரமெல்லாம் சரிசெய்து வைத்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன். அடுத்த முறை போனபோது முற்றத்தில் நின்றது, சீட்டில் சுளகு, சுளகில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது, கைப்பிடியில் துண்டு. "வாசப்படி மூணு இருக்குல்ல, இதை எப்படித் தூக்குவேன்" என்றாள். அப்புறம் என்னதான் வேண்டும் என்று, துறைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்த நான், அன்றைக்குத்தான் கேட்டேன். அடுப்படியிலிருந்து புறக்கடைக்கு இறங்குகிற படியோரம் சுவரில் ஒரு கம்பி வேண்டுமாம், இவ்வளவுதான். கொத்தனார் அரை நாளில் பதித்துவிட்டுப் போனார். வாக்கர் இன்னும் முற்றத்தில்தான் இருக்கிறது.

குக்கர் கட்டாயம் கொண்டுவாருங்கள், மூன்று லிட்டர் போதும். கேஸ்கட் ரெண்டு கூடுதலாக வையுங்கள், வெயிட்டைத் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். குச்சி வைத்த இடத்தில் தாராளமாகப் பிடிக்கும்.