வேனுக்குள் டியூபுலரும் லித்தியமும்: ஒன்றாகச் சேர்த்துக் கட்டலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளேயே படுத்து, சமைத்து ஊர் சுற்றுகிற மாதிரி மாற்றியிருக்கிறோம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், சின்ன இன்வெர்ட்டர் இருக்கின்றன. வீட்டிலிருந்த 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியை சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்கத் தாங்கவில்லை. தெரிந்த புரோக்கர் ஒருவர் 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரியைப் பாதி விலைக்குத் தருகிறேன், பழையதோடு பாசிட்டிவுக்கு பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் சேர்த்துவிட்டால் 250 கிடைக்கும் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். வயர் மாட்டிய அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடும். அதைக் காட்டித்தான் இந்த யோசனையை விற்கிறார்கள்.

முதலில் அந்த 250 ஏ.ஹெச். எத்தனை ஆம்ப்பை எத்தனை மணி நேரம் தரும் என்கிற கொள்ளளவுதான் ஏ.ஹெச். டியூபுலர் என்பது ஆசிட் ஊற்றிய லெட் ஆசிட் பேட்டரி, அதைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, 150-ல் உங்கள் கைக்கு வருவது 75தான். 100 லித்தியத்தில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். புதியது ஒன்றே பழையதைவிடக் கூடுதலாகத் தரும். டியூபுலர் 50 கிலோவுக்கு மேல், லித்தியம் 12 கிலோ சுமார். இன்னொன்று, டியூபுலர் முழுசாக நிறைய எட்டு, பத்து மணி நேரம் ஆகும். வேனின் இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது நிறைவதே இல்லை. உங்கள் ராத்திரிப் பிரச்சினைக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? வேனுக்கு ஏற்ற லித்தியம் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை. நிறைந்து சும்மா இருக்கும்போது 13.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும். நிறைந்த டியூபுலர் 12.7. அதனால் ராத்திரி முழுக்க லித்தியமே உழைக்கும், டியூபுலர் வேடிக்கை பார்க்கும். லித்தியம் கிட்டத்தட்ட காலியான பிறகுதான் டியூபுலர் தலை காட்டும். வண்டி சும்மா நிற்கும் நாட்களிலோ லித்தியத்தின் சார்ஜ் டியூபுலருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் நஷ்டம் மட்டும்தான். டியூபுலரின் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. அது பத்தரை வோல்ட்டுக்கு இறங்கும், லித்தியம் தன்னிடம் இருப்பதையெல்லாம் அதற்குள் கொட்டும். நடுவில் சரியான ஃபியூஸ் இல்லையென்றால் வயர் தீப்பிடிக்கலாம். சார்ஜரிலும் ஒத்துவராது. டியூபுலர் சார்ஜர் சில சமயம் 15 வோல்ட்டைத் தாண்டும், லித்தியத்துக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். கட் ஆகிவிடும். லித்தியம் சார்ஜர் சீக்கிரம் நிறுத்திவிடும், டியூபுலர் அரைகுறையாகக் கிடந்து தகட்டில் சல்பேட் படிந்து கெடும்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஆசிட் ஆவியும் வரும். மூடிய வேனில், நீங்கள் படுக்கிற சீட்டுக்கு அடியில் அது இருக்கவே கூடாது. நாளைக்கே எடுத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு அது இன்னும் பயன்படும்.

இப்போது அந்தப் பாதி விலை. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். மின்சார ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய செல்லைப் புது டப்பாவில் அடைத்து, மேலே பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டி ‘12 வோல்ட் லித்தியம்’ என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் பெரும்பாலும் வருவது என்.எம்.சி. என்கிற வேறு வகை லித்தியம் செல். மூன்றை வரிசையாகப் போட்டால் நிறைந்தபோதே 12.6 வோல்ட்தான், நான்கு போட்டால் 16.8. இரண்டுமே உங்கள் 12 வோல்ட் சாமான்களுக்குச் சேராது, மூன்று செல் பேக்கை 14.4 சார்ஜரில் மாட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: எந்த வகை செல், எத்தனை செல், பி.எம்.எஸ். எத்தனை ஆம்ப், முழு சார்ஜ் எத்தனை வோல்ட். எல்.எஃப்.பி. என்றால் வரிசையாக நான்கு செல், முழு சார்ஜ் 14.2 முதல் 14.6 வோல்ட் வரை. பதில் தடுமாறினால் வாங்காதீர்கள். அப்புறம் முழுசாக சார்ஜ் செய்து, 10 ஆம்ப் லோடு போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல 100 ஏ.ஹெச். பத்து மணி நேரத்தை ஒட்டி ஓட வேண்டும். ஐந்திலேயே படுத்தால் அதற்குப் பாதி விலையும் அதிகம். “டெஸ்ட்டெல்லாம் பண்ண முடியாது சார்” என்று சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, மின்சார இரு, மூன்று சக்கர வண்டிகளின் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். சரி, நல்லது. குடும்பமே படுத்துத் தூங்கும் வேனுக்குள் பெட்டி பெட்டியாக வைக்கிற பேட்டரியைத் தடுத்து நிறுத்திக் கேட்க ஒருவரும் இல்லை. அட்டையில் ஆம்ப் அளவுகூடப் போடாமல் விற்கிறார்கள். வாங்குகிறவரே இன்ஸ்பெக்டர் வேலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. வண்டியின் செல்ஃப் எடுக்கிற பேட்டரி, கம்பெனி கொடுத்த லெட் ஆசிட் பேட்டரியாகவே இருக்கட்டும். உள்ளே லித்தியம் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர் (வண்டிப் பக்கத்துக் கரண்ட்டை லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டேஜில், அளவாகக் கொடுக்கும் கருவி), 20 அல்லது 30 ஆம்ப். அது இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் வயர் கொடுக்கச் சொல்லுங்கள். “வெறும் ரிலே போதும், செலவு மிச்சம்” என்பார்கள். போதாது. ரிலே வெறும் சுவிட்ச் மாதிரிதான், லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஐடிலில் நிற்கும்போது டைனமோ காற்றோட்டமில்லாமல் வெந்து டயோடு போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது பி.எம்.எஸ். திடீரென்று கட் ஆனாலோ வோல்டேஜ் எகிறி மற்ற எலக்ட்ரானிக்ஸையும் கெடுக்கும்.

ஃபியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஒவ்வொன்றும் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள். ஒரு வேனில் கண்ணாடி ஃபியூஸ் போட்டிருந்தார்கள். ஹோல்டர் உருகி, சீட்டின் ஸ்பான்ஜில் கருப்பாக ஒட்டிக் கிடந்தது. கடற்காற்றில் வயர் முனையில் போடும் காப்பர் லக் பச்சை பூத்துவிடும், வெள்ளீயம் பூசிய லக் போட்டு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

“வீடியோவில் இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறார்களே?” என்பீர்கள். ஒரே ஒரு நிலையில் முடியும். லெட் ஆசிட் புதியதாக, சீல் செய்த ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்த வகை) ஆக இருக்க வேண்டும். அதற்கும் லித்தியத்துக்கும் சார்ஜ் வோல்டேஜ் ஒன்றே என்று இரண்டு கம்பெனியின் தாளிலும் எழுதியிருக்க வேண்டும். சார்ஜரில் ஈக்வலைஸ் (வோல்டேஜை ஏற்றி செல்களைச் சமப்படுத்தும் வசதி) அணைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், தனி சுவிட்ச், வண்டி நிற்கும் நாட்களில் சுவிட்சை அணைத்துவைக்கும் பழக்கம், மாதம் ஒருமுறை ஏ.ஜி.எம்.மைத் தனியாக மீட்டர் வைத்துப் பார்க்கிற பொறுமை, எல்லாமும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். உங்கள் பழைய டியூபுலருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இன்டக்‌ஷன் அடுப்பு வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். 1500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்ப்புக்கு மேல், 100 ஆம்ப் பி.எம்.எஸ். சீக்கிரமே கட் ஆகும். வேலையை முடித்ததும் பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வயரிங்கைப் படம் எடுத்து, வண்டியில் மாற்றம் செய்ததை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.