எழுபது வருஷமும் ஒரு தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே கவலையைச் சுற்றி எழுதப்பட்டிருந்தன. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்மூன்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடியே அவற்றை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அரசுப் பணி நியமனம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வேலை உறுதியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று திருமணத்தைத் தள்ளிப்போட்டேன். ஒழுகுகிற வீட்டைக்கூடப் பழுதுபார்க்கவில்லை. புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இந்த ஆண்டும், ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ கொடுப்பதாகக் கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வந்தது. இது மூன்றாவது முறை. மறைவான பாவம் ஏதோ தடையாக இருக்கிறது என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். கர்த்தர் உண்மையுள்ளவர் என்றால் அவருடைய வார்த்தை ஏன் இன்னும் நிறைவேறவில்லை?

பதில்: அன்புள்ள சகோதரரே, அந்த வசனம் முதன்முதலில் யாருக்கு எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவாகிய எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அப்படி வேரோடு பிடுங்கப்பட்டு அந்நிய மண்ணில் நின்றவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம்தான் இருபத்தொன்பதாம் அதிகாரம். அட்டையில் அச்சிடப்படுகிற பதினோராம் வசனத்துக்கு முன்னே பத்தாம் வசனம் இருக்கிறது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பே உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று கர்த்தர் அதிலே சொல்லுகிறார். கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே உட்கார்ந்திருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர், தாம் திரும்பிப்போக மாட்டோம் என்பதை அந்த நிமிஷமே கணக்கிட்டுப் புரிந்துகொண்டிருப்பார். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்று நாம் ஆவலோடு வாசிக்கிற வார்த்தைகள், அப்படிப்பட்டவருடைய காதில்தான் முதலில் விழுந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் எருசலேம் ஆலயத்தில் அனனியா என்பவன் எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தினாலே சொன்னான். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்பாகவும் உடைத்தான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! ஆனால் பொய்யானது அந்த இரண்டு வருஷம்தான். நிலைநின்றது எழுபது வருஷம். கர்த்தர் உண்மையுள்ளவர் என்பதற்கு, நாம் மனதில் குறித்துவைத்திருக்கிற தேதியை அவர் காப்பாற்றுவார் என்று பொருள் கொண்டால், நம்மையறியாமலே நாம் அனனியாவின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம்.

நம்முடைய மொழிபெயர்ப்பும் இதில் ஒரு சிறு மயக்கத்தை உண்டாக்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று வாசிக்கும்போது, நான் எதிர்பார்க்கிற வேலை, நான் எதிர்பார்க்கிற மாப்பிள்ளை, நான் எதிர்பார்க்கிற சுகம் ஆகிய இவற்றையே கர்த்தர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. எபிரெய மூலத்தில் அங்கே இருப்பவை இரண்டு சொற்கள்: ஒன்று ‘அகரீத்’, அதாவது பின்வருங்காலம், மற்றொன்று ‘திக்வா’, அதாவது நம்பிக்கை. இந்தத் ‘திக்வா’ என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. எரிகோவிலே ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிற்றை யோசுவாவின் புத்தகம் குறிப்பதும் இதே சொல்லால்தான். ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து’ என்று ஏசாயாவில் வருகிற காத்திருத்தலும் இதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அதன் மறுமுனை கர்த்தருடைய கையில் இருந்தது.

சகோதரரே, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது நியமனம் வராததைப் பற்றிய வரி அல்ல, ஒழுகுகிற வீட்டைப் பற்றிய வரிதான். அந்தக் கடிதத்தில் கர்த்தர் சொல்லும் முதல் கட்டளை என்ன தெரியுமா? ‘நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’ அடுத்த வசனத்தில் பெண்களை விவாகம்பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள் என்கிறார். திரும்பிப்போகும் நாள் வரும்வரை மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள் என்று அவர் சொல்லவேயில்லை. நட்ட மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்தச் சில ஆண்டுகளைப் பாபிலோனிலேயே வாழ்ந்து தீருங்கள், அங்கேயும் நான் உங்களைப் போஷிப்பேன் என்பதுதான் அந்தக் கட்டளையின் உட்பொருள். ஆகவே விண்ணப்பிப்பதையும் ஜெபிப்பதையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே கூரையைச் சரிசெய்யுங்கள். உங்களுக்கு ஏற்ற துணையைப் பற்றி உங்கள் போதகரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் மனம்திறந்து பேசுங்கள். இன்று உங்களிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் தற்காலிக ஆசிரியர் அல்ல; அவர்களுடைய ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் திரும்ப வரப்போவதில்லை.

மறைவான பாவம் என்று சொல்லுகிறவர்களைக் குறித்து ஒரு வார்த்தை. யூதா சிறைப்பட்டுப் போனதற்குத் தேசத்தின் பாவமே காரணம் என்று எரேமியா ஒளிக்காமல் சொல்லுகிறார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த ஆறுதலான கடிதம் போனது. மறுபுறம், கீழ்ப்படிந்து நடந்த எரேமியாவோ தம் வாழ்நாளில் அந்த மீட்பைக் காணவேயில்லை. அவருடைய விருப்பத்துக்கு மாறாக அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். எனவே ஒருவருடைய காத்திருப்பின் நீளத்தை வைத்து அவருடைய பரிசுத்தத்தை அளக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி அளந்தவர்களை அன்போடு மன்னித்து, அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இதே எரேமியா, கல்தேயராகிய பாபிலோனியர் எருசலேம் நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தபடியே, ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எதிரியின் கைக்குப் போய்விட்ட நிலத்துக்கு யார் பணம் கொடுப்பார்? அந்த நிலத்தில் தாம் உழப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் வாங்கினார். ஏனென்றால் அந்தத் தேசத்தில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் விலைக்கு வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார்.

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு 68 வயது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு பெங்களூருக்கு வந்துவிடும்படி மகன் அழைக்கிறான். நான் மணமுடித்த ஆலயமும், என் கணவரின் கல்லறையும், நாற்பது ஆண்டுகளாக வேலை செய்த மகளிர் ஐக்கியமும் இந்தக் கிராமத்தில்தான் இருக்கின்றன. நினைத்தாலே அழுகை வருகிறது. இது அவிசுவாசமா?

பதில்: அவிசுவாசம் அல்ல, அம்மா. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு மறுபடியும் அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் மகா சத்தமாய் அழுதார்கள் என்று எஸ்றா எழுதியிருக்கிறார். மற்றவர்கள் கெம்பீரித்தார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டு சத்தமும் கலந்து வெகுதூரம் கேட்டதாம். நல்ல மாறுதல் வந்த நாளிலும் அழுத அந்த முதியோரை வேதம் ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை. எனவே அழுவதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். ஆலயத்தையும் அதன் ஆராதனையையும் தவிர வேறெதையும் அறியாத ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த எசேக்கியேல், கேபார் நதியண்டையிலே சிறைப்பட்டவர்களின் நடுவில் இருந்தபோதுதான் கர்த்தருடைய மகிமையைக் கண்டார். அவர் கண்ட சிங்காசனத்துக்குக் கீழே சக்கரங்கள் இருந்தன. எருசலேமில்தான் கர்த்தர் இருப்பார் என்று நம்பிய தலைமுறைக்கு, அவர் தம்முடைய ஜனத்தின் பின்னாலேயே பாபிலோன்வரைக்கும் வந்திருக்கிறார் என்பது அந்தச் சக்கரங்களால்தான் விளங்கியது. உங்கள் கிராமத்து ஆலயத்தில் உங்கள் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் மகன் வீட்டு அறையிலும் கேட்பார். பெங்களூரில் தமிழில் ஆராதிக்கிற சபைகளும் பல உண்டு.

ஆயினும் ஒரு மூத்த சகோதரனாக என் ஆலோசனை இது: வீட்டை இப்போதே விற்க வேண்டாம். முதலில் ஆறு மாதம் மகனோடு போய் இருங்கள். அறுப்பின் பண்டிகைக்கும் கல்லறைத் திருநாளுக்கும் ஊருக்கு வந்து போங்கள். பிறகு மகனும் மருமகளும் நீங்களுமாகச் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். விசுவாசம் என்பது அவசரப்படுவது என்று எண்ணிக்கொண்டு, பின்னால் வருந்தும்படியான கையெழுத்துகளைப் போட்ட முதியோர் சிலரை நான் அறிவேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். புலம்பல் 3:23-இல் ‘உமது உண்மை பெரிதாயிருக்கிறது’ என்று வருகிறது. இங்கே உண்மை என்றால் பொய் சொல்லாமை என்று பொருளா? எதுவும் நிலையாக இல்லாத இந்த நாட்களில் இவ்வசனத்தை எப்படி வாசிப்பது?

பதில்: அன்பு மகளே, அங்கே மூலத்தில் உள்ள சொல் ‘எமூனா’. பொய் சொல்லாமையும் அதில் அடங்கும். ஆனால் அசையாமல் நிற்கிற உறுதி என்பதே அதன் அடிப்படைப் பொருள். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில், ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப்பிடித்ததால் மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரை தளராமல் நின்றன அல்லவா? அந்தக் கைகளின் உறுதியைச் சொல்லவும் யாத்திராகமம் இதே சொல்லைத்தான் எடுக்கிறது. நாம் நாள்தோறும் சொல்கிற ‘ஆமென்’ இதே வேரிலிருந்து வந்தது.

வாசிக்கும் முறையைக் கேட்டிருக்கிறாய். இருபத்துமூன்றாம் வசனத்தை மட்டும் தனியே எடுக்காமல் அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டையும் வரிசையாக எடுத்து, எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்களில் அமைந்த பாடல் அது. எருசலேம் தீக்கிரையான பிறகு, தன் துயரத்தை அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்தாக ஒருவர் சொல்லித் தீர்க்கிறார். பதினெட்டாம் வசனத்தில் அவர், ‘நான் கர்த்தருக்குக் காத்திருந்த காத்திருத்தலும் அழிந்துபோயிற்று’ என்று சொல்லிவிடுகிறார். காலைதோறும் புதியவைகளான இரக்கங்களைப் பற்றி நான்கு வசனங்களுக்கு அப்பால் பாடுகிறவரும் அவரே. இந்த இரண்டுக்கும் இடையில் எருசலேமில் எதுவும் மாறிவிடவில்லை. இடிந்த மதில் இடிந்தபடியேதான் கிடந்தது. அதை நெகேமியா வந்து 52 நாட்களில் கட்டி முடித்தபோது, நகரம் விழுந்து ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆகியிருந்தன.