ஏழைகளுக்கு உதவினால் போதாதா, அநீதியை எதிர்த்தும் பேச வேண்டுமா?

"உதவுவதும் ஜெபிப்பதும் கிறிஸ்தவனின் கடமை, சரி. அநீதியை எதிர்த்துப் பேசினால் அது அரசியல் ஆகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் விசுவாசிதான். பேசத்தான் வேண்டும் என்பது என் பதில்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நெகேமியா என்றாலே நமக்கு மதில் கட்டிய கதைதான் ஞாபகம் வரும். ஆனால் எருசலேமின் மதில் இன்னும் முடியாமல், வெளியே எதிரிகள் மிரட்டிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் முறையிட வருகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளையே அடிமைகளாக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். வட்டி வாங்கியவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்த யூத சகோதரர்கள்.

நெகேமியாவுக்குக் கடுங்கோபம் வருகிறது. 'முதலில் மதிலை முடிப்போம், இப்போது ஒற்றுமைதான் முக்கியம்' என்று அவர் தள்ளிப்போடவில்லை. கொஞ்சம் தானியம் அளந்து கொடுத்து அனுப்பிவிடவும் இல்லை. மனதுக்குள் யோசித்துவிட்டு, பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டத்துக்கு நடுவே நேருக்கு நேர் கேட்கிறார். நிலம், தோட்டம், வீடு, வாங்கிய வட்டி எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். ஆசாரியர்களை அழைத்து ஆணையிடவும் வைக்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்தே சொல்கிறார். ஜனங்கள் மேல் ஏற்கெனவே பாரம் அதிகம் என்பதால், அதிபதியான தனக்கு உரிய உணவுப் படியை 12 வருஷம் வாங்காமலே இருந்திருக்கிறார். இந்த அதிகாரத்தில் என்னை மிகவும் தொடுவது இதுதான். நியாயம் கேட்டவர் தன் கணக்கையும் திறந்து வைத்தார்.

'இது நேரமில்லை' என்ற பேச்சு பிற்காலத்திலும் ஓயவில்லை. 1963 ஏப்ரலில், அமெரிக்காவின் பர்மிங்காமில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துச் சிறையில் இருந்த போதகர் மார்ட்டின் லூதர் கிங், 8 மதத் தலைவர்களுக்குப் பதில் கடிதம் எழுதினார். போராட்டம் விவேகமில்லாதது, நேரம் பார்க்காதது என்று அறிக்கை விட்டவர்கள் அவர்கள். அவர்கள் வெறுப்பைத் தூண்டவில்லை, அமைதியாக இருக்கத்தான் சொன்னார்கள். ஆனால் பொறுத்திரு என்று சொல்கிறவருக்கு அந்தப் பொறுமையால் எந்த நஷ்டமும் இல்லையே!

கோபம் கிறிஸ்தவனுக்கு ஆகாது என்றும் சிலர் சொல்வார்கள். மாற்கு 3:5-ல் இயேசு கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார், சுற்றி இருந்தவர்களுடைய இருதயக் கடினத்துக்காக விசனப்பட்டார் என்று இருக்கிறது. கோபமும் துக்கமும் ஒரே வசனத்தில் வருகின்றன. துக்கம் இல்லாத கோபத்தைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

அதற்காக உதவியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பசித்தவனிடம் 'சமாதானத்தோடே போ' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதைக் கண்டிக்கும் அதே யாக்கோபு நிருபம்தான், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று 5-ஆம் அதிகாரத்தில் பணக்காரர்களை எச்சரிக்கிறது.

உங்கள் சபையில் ஒருவர் கூலி கிடைக்கவில்லை என்று வந்தால், அன்றைய சாப்பாட்டுக்கு வழி செய்யுங்கள், அவரோடு ஜெபியுங்கள். அப்புறம், அவருக்குச் சம்மதம் என்றால், கூலி தர வேண்டியவரிடம் இரண்டு மூன்று பேராக அவரோடு போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் இருக்கிற வேலையும் போய்விடலாம். அந்த முதலாளி அதே சபையின் மூப்பராக இருந்தாலும் போங்கள்.