வேதியியலை விடுவதற்கு முன் இணைதிறன் எலக்ட்ரான்களைக் கேளுங்கள்

மின்னணுவியல் படிக்க விரும்பும் மகளுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேதிப்பிணைப்புப் பாடத்தில் அவர் பெற்ற குறைந்த மதிப்பெண்ணே அந்தக் கேள்விக்குக் காரணம் என்பதும் கடிதத்திலிருந்து புரிகிறது. வாய்பாடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அந்தப் பாடம் முடிவில்லாத பட்டியலாகவே தோன்றும். அணுவின் வெளிக்கூட்டிலுள்ள இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தொடங்குபவருக்கோ, பட்டியலின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

ஒரு சோடியம் அணுவுக்கு ஒரு குளோரின் போதுமாயிருக்க, மெக்னீசியத்துக்கு ஏன் இரண்டு வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். உள்கூட்டிலிருந்து வெளிக்கூடு வரை எண்ணினால், சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. மெக்னீசியத்தினுடையது 2, 8, 2. குளோரினுடையது 2, 8, 7. இவற்றைத் தாளில் எழுதி, சோடியம் ஒன்றையும் மெக்னீசியம் இரண்டையும் குளோரினுக்குத் தருவதால்தான் அயனிப் பிணைப்பு உண்டாகிறது என்று அவராகவே கண்டுபிடித்தால், புரிதலில் குறையில்லை. பயிற்சி போதவில்லை, அவ்வளவே.

அவருடைய விருப்பத் துறைக்கு நேரடியாகத் தொடர்புடையது சிலிக்கான். நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களைக் கொண்ட அது, அண்டையிலுள்ள நான்கு அணுக்களுடன் சகப்பிணைப்பில் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கிறது. அதில் ஐந்து இணைதிறன் எலக்ட்ரான்கள் கொண்ட பாஸ்பரஸைச் சிறிதளவு சேர்த்தால், நான்கு பிணைப்பில் ஈடுபட, எஞ்சும் ஒன்று எளிதில் விடுபட்டு மின்சாரத்தைக் கடத்துகிறது; மூன்று மட்டுமே கொண்ட போரானைச் சேர்த்தால், ஓர் எலக்ட்ரானுக்குரிய இடம் காலியாகி, அந்தத் துளையே மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் இயங்குவது இந்த ஓர் எலக்ட்ரான் வேறுபாட்டால்தான்.

பிணையும் அணுக்களின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமையும் என்ற விதியை மாறாத சட்டமாக அவர் கருதிவிட வேண்டாம். போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன; இரும்பு சில சேர்மங்களில் இரண்டையும் வேறு சிலவற்றில் மூன்றையும் இழக்கிறது. இத்தகைய விலக்குகளைக் கண்டு எரிச்சலடையாமல் ‘ஏன்’ என்று கேட்கிறவர் வேதியியலுக்கு ஏற்றவர் என்பது என் கணிப்பு. மதிப்பெண்ணைவிட அந்தக் கேள்வியையே நான் பெரிதாக மதிப்பேன்.

மின்சுற்று வடிவமைப்பில் மட்டுமே நாட்டம் என்றால் கணிதமும் இயற்பியலுமே அவருடைய அன்றாட வேலைக்கு முதன்மையானவை. சில்லுத் தயாரிப்பு, மின்கலம், பொருளறிவியல் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் வேதியியலைத் தொடரட்டும். எதுவாயினும், சேர எண்ணும் பட்டப்படிப்புகளின் தகுதி விதிகளில் வேதியியல் கட்டாயமா என்று பார்த்த பின்னரே பாடத்தை மாற்றுவது பற்றி முடிவு செய்யுங்கள்.