கடைசி ரேங்க் கஸ்டர்

கேள்வி: அமெரிக்கத் தளபதி கஸ்டர் ராணுவக் கல்லூரியில் கடைசி ரேங்க், ஆனால் 23 வயதிலேயே ஜெனரல்! மார்க் எல்லாம் வெறும் காகிதம் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் உண்டா?

பதில்: யாரோ உங்களுக்குப் பாதிக் கதையை மட்டும் ஃபார்வர்டு பண்ணியிருக்கிறார்கள்.

1861-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய 34 பேரில் கஸ்டர் 34-ஆவது. அது சரி. ஒழுங்கீனத்துக்காக வாங்கிய கரும்புள்ளிகள் மட்டும் 726. தேறிய கையோடு, காவல் பொறுப்பில் இருந்தவர், இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டதை விலக்காமல் வேடிக்கை பார்த்தார் என்று ராணுவ விசாரணை வேறு. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது, அதிகாரிகளுக்குப் பஞ்சம், அதனால் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள்.

தைரியசாலி என்பதில் சந்தேகமில்லை. 1863 ஜூன் 29-இல் பிரிகேடியர் ஜெனரல். நாலே நாளில் கெட்டிஸ்பர்க் சண்டையில் மிச்சிகன் குதிரைப்படைக்கு முன்னால் தானே பாய்ந்தார். கறுப்பு வெல்வெட் சட்டை, தங்க ஜரிகை, கழுத்தில் சிவப்புத் துணி, எல்லாம் அவரே தேர்ந்தெடுத்த சீருடை (எதிரிக்கும் குறி பார்க்க வசதிதான்). ஆனால் அந்தப் பதவி போர்க்காலத் தொண்டர் படைக்கு உரியது. போர் முடிந்ததும் மறுபடி கேப்டன், 1866-இல் ஏழாவது குதிரைப்படையில் லெஃப்டினன்ட் கர்னல். சாகும்வரை நிரந்தரப் பதவி அதுதான்.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். 1867-இல் அனுமதியில்லாமல் மனைவியைப் பார்க்கப் போனது, ஓடிப்போன சிப்பாய்களை விசாரணையின்றிச் சுடச் சொன்னது என்று குற்றச்சாட்டுகள். ஓராண்டு சம்பளமில்லாத இடைநீக்கம். மேலதிகாரி ஜெனரல் ஷெரிடன் தயவில் முன்கூட்டியே திரும்பி வந்து, 1868 நவம்பரில் வாஷிடா நதிக்கரையில் ஷயான் பழங்குடியினரின் கிராமத்தை விடியற்காலையில் தாக்கினார். சமாதானத்துக்கு முயன்றுகொண்டிருந்த அவர்களின் தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் அதில் செத்தார்கள். இதை வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரை, மறுபடி பழங்குடியினரோடு சண்டை. சரமாரியாகச் சுடும் கேட்லிங் துப்பாக்கிகள் தருகிறோம் என்றார்கள், வேகம் குறையும் என்று வேண்டாம் என்றார். பழங்குடியினரின் முகாம் மிகப் பெரியது என்று உளவாளிகள் எச்சரித்தார்கள், அதுவும் காதில் ஏறவில்லை. சுமார் 600 பேர் கொண்ட படையைப் பிரித்து அனுப்பிவிட்டு, தன்னோடு இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரோடு லகோட்டா, ஷயான் பழங்குடி வீரர்களிடம் சிக்கினார். அந்த அணியில் ஒருவரும் மிஞ்சவில்லை. தம்பிகள் இரண்டு பேர், தங்கை கணவர், அக்காள் மகன், எல்லோரும் அங்கேயே போனார்கள். அப்போது கஸ்டருக்கு வயது 36.

தேவையே இல்லாத இந்த உயிர்ப்பலிக்கு கஸ்டரே காரணம் என்று பத்திரிகைப் பேட்டியில் சொன்னவர் அன்றைய ஜனாதிபதி கிராண்ட். மார்க் பற்றித்தான் கேட்டீர்கள் என்றால் அவரைப் பாருங்கள்: அதே வெஸ்ட் பாயிண்ட், 1843-ஆம் ஆண்டு வகுப்பு, 39 பேரில் 21-ஆவது.