நிலைப் பகுப்பாய்வுக் கட்டுரைக்குச் சான்று எங்கே தேடுவது?

வணக்கம். ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து நீங்கள் மொழிபெயர்த்த மென்பொருள் நிலைப் பகுப்பாய்வு (நிரலை இயக்காமலே அதன் குறிமுறையை ஆராய்ந்து பிழை தேடுவது) பற்றிய கட்டுரையில் சான்று போதாது, நடை இயந்திரத்தனமாக இருக்கிறது என்று வார்ப்புரு (பக்கத்தின் மேல் வைக்கும் எச்சரிக்கைக் குறிப்பு) இட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். சரி, சரிசெய்யக்கூடியதுதான்.

முதலில் கருவி விற்கும் நிறுவனங்களின் பக்கங்களை நீக்குங்கள். "எல்லாப் பிழைகளையும் கண்டுபிடிக்கும்" என்பது விளம்பரம் மட்டுமல்ல, தவறும்கூட. நிரல்களின் நடத்தை பற்றிய எந்த முக்கியமான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி தானாக விடை சொல்லும் வழிமுறை இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ஹென்றி ரைஸ் 1953இலேயே நிறுவிவிட்டார். அதனால்தான் கருவிகள் தோராயத்தை நாடுகின்றன. சில கருவிகள் இல்லாத பிழையைக் காட்டும், சில இருப்பதைத் தவறவிடும். என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிரே இந்தப் பத்திதான். இதற்குக் கணிப்பியல் கோட்பாட்டுப் பாடநூல் ஒன்றே போதும்.

அருவ விளக்கம் (நிரலின் உண்மையான மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் தோராயத்தைக் கொண்டு ஆராயும் முறை) என்ற பகுதிக்குப் பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையைக் காட்டலாம். ஆனால் யார், எப்போது முன்வைத்தார்கள் என்பதற்கு மட்டும். அதன் தாக்கத்தைச் சொல்ல வேறொருவர் எழுதிய மதிப்பாய்வு வேண்டும்.

அப்புறம், ஆங்கில அடிக்குறிப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள். திறந்து படித்து, அந்த வரியை உண்மையிலேயே தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காவிட்டால் வரியையே விட்டுவிடலாம், மூலத்தில் இருப்பதெல்லாம் தமிழிலும் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

நடைக்கு ஒரே வழி: பத்தியைப் படித்துவிட்டு, மூலத்தை மூடிவைத்து எழுதுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) மூலக் கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தீர்களா? விக்கிப்பீடியாவின் உரிமம் அதைக் கேட்கிறது.